கல்லுல ஒரு நம்பர், பேப்பர்ல ஒரு நம்பர்: நிலம் மனை கேள்வி பதில்

போன இதழ்ல தாய்லாந்து சனோட் பத்திரம், அதாவது அங்க நிலத்துக்கு முழு உரிமை காட்டுற பத்திரம், பத்தி ஒருத்தர் கேட்டதுக்கு நாலே வரியில பதில் போட்டேன். அதுக்கப்புறம் கடலூர், பரங்கிப்பேட்டை, புதுச்சேரின்னு வர்ற லெட்டர்ல பாதி தாய்லாந்து நிலமாவே இருக்குது. நம்ம பக்கத்துல இத்தனை பேருக்கு அங்க சொந்தபந்தம் இருக்குன்னு இப்போதான் தெரியுது. அதனால நம்ம ஊர் பட்டா, சிட்டா கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளிட்டு இந்த தடவை இது மட்டும்.

கேள்வி: சார், என் தம்பி பாங்காக்ல கல் வியாபாரம் பண்றான், அவன் சம்சாரம் தாய்லாந்துக்காரப் பொண்ணு. அவங்க பேர்ல சோன்புரி பக்கம் ஒரு மனை வாங்கறாங்க. பத்திரத்தை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பினான், அதுல மேப்ல மூலைக்கு மூலை குட்டி வட்டம் போட்டு பக்கத்துல ஏதோ எழுத்தும் நம்பரும் இருக்குது. அது என்ன? நான் பணம் கொஞ்சம் அனுப்பணும், அதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கலாம்னு கேக்கறேன்.
— வாசகர், பரங்கிப்பேட்டை

பதில்: பணம் அனுப்பறதுக்கு முன்னாடி கேட்டீங்க பாருங்க பாய், ரொம்ப சந்தோஷம். அந்த குட்டி வட்டம்தான் அந்த பத்திரத்துக்கே உயிர். பேரு, விஸ்தீரணம், சீல் எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

ஒவ்வொரு வட்டமும் நிலத்துல ஒரு எல்லைக்கல். அங்க அதுக்கு லக் கேத்னு பேரு. உருளை மாதிரி கான்கிரீட் கல்லு, உடம்பு மண்ணுக்குள்ள போயிடும், தலை மட்டும் தரை மட்டத்துல தெரியும். அந்த தலையில தாய் எழுத்தும் நம்பரும் கலந்து ஒரு குறி பதிச்சிருப்பாங்க, அதே குறிதான் மேப்ல வட்டத்துக்கு பக்கத்துல எழுதியிருக்கறது. நம்ம ஊர்ல சர்வே கல்லுக்குன்னு இப்படி தனி நம்பர் கெடையாது, எஃப்எம்பி ஸ்கெட்ச்சை, அதாவது புல வரைபடத்தை, கையில வெச்சுக்கிட்டு இந்தக் கல்லுலேர்ந்து இத்தனை மீட்டர்னு சங்கிலி புடிச்சுதான் மூலையை கண்டுபுடிக்கணும், ரெண்டு கல் காணாம போச்சுன்னா சர்வேயர் தெருக்கோடி வரைக்கும் போய் வேற கல் தேடிக்கிட்டு வருவாரு. அங்க கல்லே நான்தான் இன்னார்னு சொல்லிடும்.

அதனால தம்பிகிட்ட சொல்லுங்க, பத்திரத்தை பிரிண்ட் எடுத்து கையில வெச்சுக்கிட்டு நிலத்துக்கு நேர்ல போகணும். மேப்ல வடக்கு காட்டுற அம்புக்குறி இருக்கும், அதை வெச்சு நிலத்தோட திசையை பொருத்திக்கிட்டு ஒரு மூலையில ஆரம்பிச்சு சுத்திக்கிட்டே வரணும். ஒவ்வொரு கல்லா புல்லு புடுங்கி மண்ணை தட்டி, கொஞ்சம் தண்ணி ஊத்தி தேச்சா எழுத்து தெரியும், அதை கிட்ட வெச்சு ஒரு போட்டோ, தள்ளி நின்னு சுத்துப்புறம் தெரியற மாதிரி ஒரு போட்டோ. தாய் எழுத்து உங்களுக்கு படிக்க வராட்டியும் பரவாயில்ல, பேப்பர்ல இருக்கற உருவமும் கல்லுல இருக்கற உருவமும் ஒண்ணான்னு கண்ணால ஒப்பிட்டா போதும். ஒரு எழுத்து மாறினாலும் விடாதீங்க, வேற கல்லை காட்டறாங்கன்னு அர்த்தம், இல்லன்னா வேற மனையையே காட்டறாங்கன்னு அர்த்தம். புரோக்கர் முன்னாடி ரோட்டு மேல இருக்கற நல்ல மனையை காட்டிட்டு பத்திரம் பின்னாடி இருக்கற பள்ளத்துக்கு குடுக்கறது நம்ம ஈசிஆர் பக்கம் மட்டும் நடக்கற சமாச்சாரம் இல்ல.

இன்னொண்ணு. ரெண்டு கல்லுக்கு நடுவுல எல்லை நேர்கோடு. வேலி வளைஞ்சு நெளிஞ்சு போகலாம், தென்னை மரம் வரிசையா நிக்கலாம், பக்கத்துக்காரர் காம்பவுண்டு கட்டியிருக்கலாம், அதெல்லாம் எல்லை இல்ல. ஒரு நைலான் கயிறை இந்த கல்லுலேர்ந்து அந்த கல்லுக்கு இழுத்து கட்டிப் பாருங்க, சுவர் எந்தப் பக்கம் நிக்குதுன்னு உடனே தெரிஞ்சுடும்.

அளவு பத்தி ஒரு எச்சரிக்கை. மேப்ல 1:1000, 1:500ன்னு ஸ்கேல் போட்டிருக்கும், ஆனா ஒவ்வொரு பக்கமும் இத்தனை மீட்டர்னு பெரும்பாலும் எழுதியிருக்க மாட்டாங்க. உடனே நீங்க வாட்ஸ்அப் போட்டோவை பிரிண்ட் போட்டு அடிக்கோல் வெச்சு 3 சென்டிமீட்டர், அப்போ 30 மீட்டர்னு கணக்கு போட்டுடாதீங்க, போட்டோவுல பெருசு சின்னது ஆனதும் அந்த ஸ்கேல் செத்துப்போச்சு. ஒரிஜினல் பேப்பர்ல அளந்தா சரி. போட்டோ மட்டும் இருக்குதுன்னா விகிதம் மட்டும் பாக்கலாம், பேப்பர்ல நீளம் அகலத்துக்கு ரெண்டு மடங்கா இருந்தா நிலத்துலயும் டேப் புடிச்சா ரெண்டு மடங்கா வரணும். அதுவும் போட்டோ நேரா எடுத்ததா இருந்தாதான், சாய்ச்சு எடுத்திருந்தா விகிதமும் போச்சு.

நாலு பக்கமும் பக்கத்து மனையோட நம்பர் மேப்ல இருக்கும், அது நம்ம பத்திரத்துல எழுதற செக்குபந்தி மாதிரி. பக்கத்து மனைக்காரங்க பத்திரத்தை ஒரு தடவை காட்டச் சொல்லி கேட்டுப் பாருங்க, பொதுவான மூலையில அதே கல் நம்பர்தான் அதுலயும் இருக்கணும். காட்ட மாட்டேன்னு சொன்னா ஒண்ணும் பண்ண முடியாது, ஆனா காட்டினாங்கன்னா பாதி கவலை தீந்துச்சு.

கேள்வி: சனோட்ல மூணு நாலு நம்பர் இருக்கு, எதை நெட்ல போட்டு தேடறது?
— வாசகி, லாஸ்பேட்டை

பதில்: பத்திர நம்பர் ஒண்ணு, மனை நம்பர் ஒண்ணு, சர்வே பக்க நம்பர் ஒண்ணு, அது போக ரவாங்னு சொல்ற மேப் ஷீட்டோட நம்பர். மேப் நடுவுல உங்க மனைக்குள்ள எழுதியிருக்கறது மனை நம்பர், பத்திர நம்பர் இல்ல, இங்கதான் எல்லாரும் குழம்பறாங்க. அங்க நிலத்துறை லேண்ட்ஸ்மேப்ஸ்னு ஒரு இணையதளம் வெச்சிருக்காங்க, அதுல மாகாணம், ஆம்பேர் அதாவது நம்ம தாலுகா மாதிரி, அப்புறம் பத்திர நம்பர் போட்டா மனை எங்க இருக்குதுன்னு சாட்டிலைட் படத்து மேல கோடு போட்டு காட்டும். அந்தக் கோடு ஒரு குத்துமதிப்புக்குதான், அதை காட்டி பக்கத்துக்காரர்கிட்ட சண்டைக்கு போகாதீங்க. நம்பர் தாய் இலக்கத்துல இருந்தா போன்ல மொழிபெயர்ப்பு ஆப் கேமராவை காட்டினா படிச்சுடும்.

கேள்வி: கருடன் சிவப்பா இருந்தா நல்ல பத்திரம், பச்சையா இருந்தா வாங்காதேன்னு என் மச்சான் சொல்றார். கலரை பாத்து நிலம் வாங்கறதா?
— வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: மச்சான் பாதி சரி. பத்திரத்து தலையில இருக்கற கருடன் சிவப்புன்னா சனோட், முழு உரிமை, எல்லை அளந்து நம்பர் போட்ட கல் நட்டது. பச்சைன்னா நோர் சோர் 3 கோர். இது நிலத்தை அனுபவிக்கறதுக்கு அரசாங்கம் குடுத்த சான்று, விக்கலாம், அடமானம் வெக்கலாம், ஆனா மேப் பெரும்பாலும் வானத்துலேர்ந்து எடுத்த படத்தை வெச்சு போட்டது, நான் மேல சொன்ன நம்பர் கல்லை அதுல தேடி பிரயோஜனம் இல்ல. கறுப்புன்னா வெறும் நோர் சோர் 3, அது இன்னும் ஒரு படி கீழ, மேப் தனியா மெதக்கும், சுத்தி இருக்கற நிலத்தோட ஒட்டி வரைஞ்சிருக்காது, கை மாத்தறதுக்கு முன்னாடி 30 நாள் நோட்டீஸ் ஒட்டி யாருக்காவது ஆட்சேபனை இருக்கான்னு கேக்கணும்.

பச்சையை தொடாதேன்னு நான் சொல்ல மாட்டேன், பல எடத்துல பச்சையை அளந்து சனோட்டா மாத்திக்கறாங்க. விக்கறவரையே மாத்திக் குடுக்கச் சொல்லிட்டு அதுக்கப்புறம் வாங்கினா என்ன? தொடவே கூடாதது ஒண்ணு இருக்குது, சோர் போர் கோர் 4-01. அது விவசாயிக்கு நிலச்சீர்திருத்தத்துல குடுத்த நிலம், விக்கவே முடியாது, நம்ம ஊர் கண்டிஷன் பட்டாவைவிட கெடுபிடி. அப்புறம் வரி கட்டின ரசீதை பத்திரம்னு காட்டுவாங்க, வரி ரசீது வரி ரசீதுதான்.

கேள்வி: பத்திரத்துல 2-1-35ன்னு விஸ்தீரணம் போட்டிருக்கு. சென்ட்டுல எவ்வளவு? புதுச்சேரி கணக்குல எவ்வளவு?
— வாசகர், வில்லியனூர்

பதில்: 2 ராய், 1 ஙான், 35 வா. ஒரு ராய்ல 4 ஙான், ஒரு ஙான்ல 100 சதுர வா, ஒரு சதுர வா 4 சதுர மீட்டர். எல்லாத்தையும் வாவா மாத்துங்க, 800 கூட 100 கூட 35, மொத்தம் 935. நாலால பெருக்குனா 3740 சதுர மீட்டர். வில்லியனூர்காரருக்கு இது ரொம்ப சுலபம், நம்ம பட்டாவுல ஹெக்டேர், ஏர், சென்டியேர்னு பிரெஞ்சுக்காரன் காலத்து கணக்குதானே இன்னும் ஓடுது, அதுல இது 0-37-40. கடலூர் பக்கம் சொல்லணும்னா சுமார் 92 சென்ட்டு. ஒரு முழு ராய் 16 ஏர், சுமார் 39 அரை சென்ட்டு, ஏக்கர் கணக்குல ரெண்டரை ராய் கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். குழிக்கு மாத்தி கேக்காதீங்க, குழி ஊருக்கு ஊர் மாறும், அதுல நான் தலையை குடுக்கறதா இல்ல.

இதோட ஒட்டின ஒரு விஷயம். அளந்து பாத்தா பேப்பர்ல இருக்கறதைவிட கொறைச்சலா வந்தா என்னன்னு அடுத்து கேப்பீங்க. அவங்க சிவில் சட்டத்துல 466வது பிரிவு, மொத்த விஸ்தீரணம் சொல்லி வித்த நிலத்துல வித்தியாசம் 5 சதவீதத்துக்குள்ளன்னா பொதுவா வாங்கறவர் எடுத்துக்கிட்டே ஆகணும், எவ்வளவு இருக்கோ அதுக்கு ஏத்த விலை குடுக்கலாம். அதுக்கு மேல போச்சுன்னா வேணாம்னும் சொல்லலாம், இருக்கறதுக்கு மட்டும் விலை குடுத்தும் வாங்கலாம். உங்க 935 வாவுல 5 சதவீதம்னா 46 வாவும் முக்காலும், அது நம்ம ஊர்ல கிட்டத்தட்ட நாலரை சென்ட்டு, சின்ன வீடே கட்டலாம். ஆகவே அக்ரிமெண்டுல இன்ன கல் நம்பருக்குள்ள அடங்கின நிலம்னும் எழுதச் சொல்லுங்க, விஸ்தீரணத்தை மட்டும் நம்பாதீங்க.

கேள்வி: அங்க இருக்கற சர்வேயர் எல்லைக்கல்லுக்கு ஆயம் (கோஆர்டினேட், அந்த எடத்தை குறிக்கற நம்பர்) குடுத்தார், அதை போன் மேப்ல போட்டா நிலம் பக்கத்து ஊர் குளத்துல காட்டுது. ஏமாத்திட்டாங்களா? வயித்த கலக்குது சார்.
— வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: கலங்காதீங்க. உங்க நிலம் கரையிலதான் இருக்குது, போன்தான் குளத்துல விழுந்துடுச்சு.

விஷயம் இதுதான். ஒரு எடத்துக்கு நம்பர் குடுக்கணும்னா பூமி என்ன வடிவம், எங்கேர்ந்து எண்ண ஆரம்பிக்கறதுன்னு முதல்ல முடிவு பண்ணிக்கணும். உங்க போன் டபிள்யூஜிஎஸ் 84ன்னு ஒரு கணக்குல ஓடுது. தாய்லாந்து நிலத்துறை மேப் ரொம்ப காலமா இந்தியன் 1975ங்கற கணக்குல போட்டது. ஆமாங்க, பேரே இந்தியன். 1830ல எவரெஸ்ட்டுன்னு ஒரு வெள்ளைக்கார சர்வேயர் இந்தியாவை அளந்த கணக்கை வெச்சு பூமியோட வடிவத்துக்கு ஒரு அளவு குடுத்தார், மலைக்கு பேர் வெச்சாங்களே அவரேதான், அந்த அளவு மேலதான் இந்தியன் 1975 நிக்குது. அந்த அளவை வேலை எங்க ஆரம்பிச்சதுன்னு பாத்தா நம்ம மெட்ராஸ் பரங்கிமலை, 1802ல லாம்டன்ங்கற சர்வேயர் அங்கதான் முதல் அடிக்கோட்டை சங்கிலி வெச்சு அளந்தார். மெட்ராஸ்ல புடிச்ச சங்கிலி சோன்புரி வரைக்கும் போயிருக்கு பாருங்க. எனக்கு இதை நெனைச்சா ஒரு கிறுக்கு சந்தோஷம், உங்களுக்கு இப்போ அது முக்கியமில்லதான்.

முக்கியமானது என்னன்னா, இந்த ரெண்டு கணக்குக்கும் நடுவுல தரையில சில நூறு மீட்டர் வித்தியாசம் வரும். இந்தியன் 1975 நம்பரை மாத்தாம அப்படியே போன்ல போட்டா அது குளத்துலயும் காட்டும், கோயில்லயும் காட்டும். சர்வேயர்கிட்ட ஒரே கேள்வி கேளுங்க, இந்த ஆயம் எந்த டேட்டம், அதாவது நான் மேல சொன்னதுல எந்த கணக்கு? இந்தியன்னு சொன்னா டபிள்யூஜிஎஸ்க்கு மாத்திக் குடுக்கச் சொல்லுங்க. கூடவே ஸோன் (பூமியை நெட்டுக்குத்தா பிரிச்ச பட்டையோட நம்பர்) 47ஆ 48ஆன்னும் கேட்டுக்கோங்க, பாங்காக், சோன்புரி எல்லாம் 47, கிழக்க உபோன் பக்கம் போனா 48, ஸோன் மாத்தி போட்டா குளம் இல்ல, வேற மாகாணத்துக்கே போயிடும்.

இத்தனைக்கும் அப்புறம் போன் ஜிபிஎஸ் நாலஞ்சு மீட்டர் முன்ன பின்ன காட்டும். மனை எந்தத் தெருவுலன்னு பாக்க அது போதும், எல்லைக்கு போதாது.

கேள்வி: பத்திரத்துல தேதி 2538ன்னு இருக்கு. போலியா?
— வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: புத்தர் ஆண்டும்மா. 543 கழிச்சுக்கோங்க, 1995.

கேள்வி: என் அக்கா பொண்ணு கல்யாணம் பண்ணிக்கிட்டு அங்கயே இருந்தா, நிலம் வாங்கிப் போட்டுட்டு இப்போ பிரான்ஸ்ல இருக்கா. நாலு வருஷமா யாரும் போகல. பக்கத்துக்காரர் கல்லை பேத்து தள்ளி நட்டுட்டு வேலி போட்டுட்டாராம். கல்லுல நம்பர் சரியாதான் இருக்கு, ஆனா எடம் மாறிடுச்சு. என்ன பண்றது?
— வாசகர், கோட்டக்குப்பம்

பதில்: வரப்பை வெட்டி வெட்டி சேத்துக்கறவன் எல்லா நாட்டுலயும் இருக்கான். கல்லுல நம்பர் இருந்தா மட்டும் போதாது, அது நிக்க வேண்டிய எடத்துல நிக்கணும், அதனாலதான் மேல கயிறு கட்டி டேப் புடிச்சு பாக்கச் சொன்னேன்.

நல்ல சேதி, கல்லை நகர்த்தினா எல்லை நகராது. எல்லை நிலத்துறை ஆபீஸ்ல அளவை ரெக்கார்டுல உக்காந்திருக்குது. உங்க அக்கா பொண்ணு தீதின் ஆபீஸ்ல, அந்த நிலத்துறை ஆபீஸுக்கு அங்க அதுதான் பேரு, சோப் கேத்துக்கு மனு குடுக்கணும், அதாவது எல்லை சரிபார்க்க திரும்ப அளக்கறது. நேர்ல வர முடியலன்னா பவர் குடுத்து ஆள் அனுப்பலாம். சர்வேயர் தேதி குடுத்து சுத்தி இருக்கற எல்லா பக்கத்துக்காரருக்கும் லெட்டர் அனுப்புவார், அவங்க வந்து இதுதான் எல்லைன்னு கையெழுத்து போடணும். வராம டிமிக்கி குடுத்தா லெட்டர் அனுப்பி 30 நாள் கழிச்சு அவங்க இல்லாமயே மேல நடத்தலாம். வந்து ஆட்சேபனை பண்ணினா அதிகாரி ரெண்டு பேரையும் உக்கார வெச்சு பேசுவார், ஒத்து வரலன்னா கோர்ட்டு. காணாம போன கல்லுக்கு பதில் புது கல் நட்டா புது நம்பர் வரும், பத்திரத்து மேப்லயும் அது ஏறிச்சான்னு பாத்துட்டு வாங்க.

அடுத்தவர் நிலத்தை புடிக்கற நோக்கத்துல எல்லைக்கல்லை நகர்த்தினா, அவங்க குற்றவியல் சட்டம் 363வது பிரிவுல 3 வருஷம் வரைக்கும் ஜெயில். ஆனா எடுத்த எடுப்புல போலீஸ்னு போகாதீங்க, யார் நகர்த்தினாங்கன்னு நிரூபிக்கறது கஷ்டம், முதல்ல அளவையை முடிங்க, அந்த ரிப்போர்ட்டு கையில வந்தா பேச்சே வேற.

கெட்ட சேதி, சும்மா விட்டா காலம் அவர் பக்கம் ஓடும். சனோட் நிலமாவே இருந்தாலும் அடுத்தவர் 10 வருஷம் எதிர்ப்பு இல்லாம, வெளிப்படையா, தன்னோட நிலம்ங்கற எண்ணத்தோட அனுபவிச்சா கோர்ட்டுக்கு போய் தனக்குன்னு கேக்க 1382வது பிரிவுல வழி இருக்குது. பச்சை, கறுப்பு கருடன் நிலம்னா இன்னும் மோசம், அனுபவத்தை பறிகொடுத்த ஒரே வருஷத்துக்குள்ள கேஸ் போடணும். நாலு வருஷம் ஆச்சுன்னு எழுதியிருக்கீங்க, அவங்களுதுல கருடன் என்ன கலர்னு இன்னைக்கே போன் போட்டு கேளுங்க.

கேள்வி: நான் பிரெஞ்சு பாஸ்போர்ட், சொல்தா பென்ஷன் (பிரெஞ்சு ராணுவ பென்ஷன்) வருது. என் பேர்லயே சனோட் பதிய முடியுமா?
— வாசகர், புதுச்சேரி

பதில்: முடியாது முசே. 1954 நிலச்சட்டப்படி வெளிநாட்டுக்காரர் நிலம் வெச்சுக்கணும்னா அந்த நாட்டோட ஒப்பந்தம் இருக்கணும், 1970க்கு அப்புறம் அப்படி எந்த ஒப்பந்தமும் நடப்புல இல்ல, பிரெஞ்சு பாஸ்போர்ட்டும் இந்திய பாஸ்போர்ட்டும் அங்க ஒண்ணுதான். 4 கோடி பாத் முதலீடு பண்ணா அனுமதியோட 1 ராய் வரைக்கும் குடியிருக்க வாங்கலாம்னு ஒரு பிரிவு இருக்கு, பென்ஷன்ல அது ஆகாது. காண்டோ ஃபிளாட்டு வாங்கலாம், ஒரு கட்டடத்துல மொத்த பரப்புல 49 சதவீதம் வரைக்கும் வெளிநாட்டவருக்கு விடுவாங்க. நிலம்தான் வேணும்னா 30 வருஷ குத்தகை, அதை தீதின் ஆபீஸ்ல பதியணும். பரங்கிப்பேட்டை பாய்க்கும் இதுல ஒரு சேதி: தம்பி சம்சாரம் பேர்ல வாங்கும்போது, இது முழுக்க அவங்க சொந்த பணம், எனக்கு பாத்தியம் இல்லன்னு தம்பி கையெழுத்து போடச் சொல்லுவாங்க. அண்ணன் அனுப்பற பணத்துக்கும் அதே கதிதான், மனசுல வெச்சுக்கிட்டு அனுப்புங்க. டம்மி கம்பெனி வெச்சு வாங்கலாம்னு யாராவது சொன்னா அந்தப் பக்கமே போகாதீங்க.

கேள்வி: கல் எல்லாம் சரியா பொருந்துது சார். மனைக்கு முன்னாடி நல்ல சிமெண்டு ரோடு. ஆனா மேப்ல அந்த ரோட்டுக்குள்ள ஒரு நம்பர் எழுதியிருக்கு. பரவாயில்லையா?
— வாசகர், பண்ருட்டி

பதில்: நல்லா கவனிச்சீங்க, இதை விட்டுட்டுதான் பல பேர் மாட்டறாங்க. பொது ரோடுன்னா மேப்ல தாங் சாதாரணன்னு எழுதியிருக்கும், நம்பர் இருக்காது. நம்பர் இருந்தா அது யாரோ ஒருத்தரோட மனை, அவர் பெரிய மனசு பண்ணி வழி விட்டிருக்கார், நாளைக்கு அவர் புள்ள கேட் போட்டு அடைச்சா நீங்க ஹெலிகாப்டர்லதான் போகணும். சுத்தி அடைபட்ட நிலத்துக்கு வழி கேட்டு வாங்க அவங்க சட்டத்துலயும் எடம் இருக்கு, ஆனா கேஸ் போட்டு, ஈடு குடுத்து, வருஷக்கணக்குல அலையணும்.

அந்த நம்பர் மனையோட பத்திரத்துல பின்பக்கம் பதிவு பட்டியல் இருக்கும், அடமானம், குத்தகை எல்லாம் ஏறுற எடம். அதுல உங்க மனைக்கு வழி விட்டதா பாரா சாம் யோம்னு பதிவு இருக்கான்னு தீதின் ஆபீஸ்ல பாக்கச் சொல்லுங்க. இருந்தா வாங்குங்க. இல்லன்னா விக்கறவரே அந்த ரோட்டு ஓனரை கூட்டிக்கிட்டு வந்து அதை பதிஞ்சு குடுக்கட்டும், அது வரைக்கும் அட்வான்ஸ் பத்து பாத் கூட குடுக்காதீங்க.